காட்டி சுப்பிரமணியா: நாகர் கல் வைத்துவிட்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா?

காவேரிப்பட்டணத்துக்காரி:
வணக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ஐந்தாமிடத்தில் ராகு இருக்கிறது, நாகர் பிரதிஷ்டை செய்யுங்கள் என்றார் ஜோசியர். ஊர் அரசமரத்தடியிலேயே வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரோ கர்நாடகத்தில் இருக்கும் காட்டி சுப்பிரமணியா கோயிலில்தான் வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். விடிகாலையில் காரில் கிளம்பினால் அன்றே வீடு திரும்பலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் அக்கா:
தாராளமாகத் திரும்பலாம், தங்கச்சி. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், தொட்டபள்ளாப்பூர் தாண்டிப் போக வேண்டும். பெங்களூரைக் கடப்பதுதான் பெரும்பாடு, அதனால் ஆறு மணிக்குள் ஓசூரைத் தாண்டிவிடுங்கள். செவ்வாய், ஞாயிறு, சஷ்டி வேண்டாம், கூட்டம் நெருக்கும். கல் செய்யச் சொல்வதற்கு முன்னால் கோயில் அலுவலகத்தில் பிரதிஷ்டைக்குக் கேட்டுவிடுங்கள்.

சந்நிதியில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கல்லில் முன்பக்கம் கிழக்கே பார்த்து ஏழுதலை நாகமாக முருகன், பின்பக்கம் மேற்கே பார்த்து நரசிம்மர். பின்னால் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள், நரசிம்மர் அதில்தான் தெரிவார். வரிசையில் நகர்த்திவிடும் அவசரத்தில் பல பேர் முருகனை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கண்ணை ஏற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். கருடனிடமிருந்து நாகங்களைக் காக்கச் சொல்லி நரசிம்மரை முருகன் வேண்டிக்கொண்டார் என்பது தலபுராணம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மனசு நிறையும்.

வெளியே வரிசை வரிசையாக நாகர் கற்கள். பின்னிக்கொண்ட இரண்டு பாம்புகளின் இடுக்கில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, பழைய கற்களில் செதுக்கல் வழவழத்துப் போயிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வேண்டுதல். எங்கள் கல்லும் அங்கே இருக்கிறது. அப்புறம்தான் மகள் பிறந்தாள். டாக்டரிடம் காட்டுவதையும் நாங்கள் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

பாலக்கோட்டுத் தம்பி:
அக்கா சொன்னது சரி. ஒரு வேண்டுகோள் மட்டும். ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுவதாக இருந்தால் வாய்க்குள் ஊற்றாதீர்கள். புற்று கரையான் கட்டியது, பாம்பு அதில் குடியிருக்க வருவது. பாம்புக்குப் பால் ஆகாரமே இல்லை, தாகத்தில் குடித்தாலும் செரிக்காது. எங்கள் நிலத்துப் புற்றில் வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றி ஊற்றி உள்ளே எறும்பு மொய்த்துக் கிடந்தது. இப்போது பக்கத்தில் ஒரு நாகர் கல் நட்டு அதற்குத்தான் பாலபிஷேகம். அம்மாவும் மனசார ஒத்துக்கொண்டார்.

காவேரிப்பட்டணத்துக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன், கண்ணாடி விஷயம் அவருக்கே தெரியாதாம். ஆயில்யம் வார நாளில் வந்தால் போகலாமா?

ஓசூர் அக்கா:
நல்ல நாள், போய் வாருங்கள். குரங்குகள் உண்டு, பழத்தட்டை மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.