புதுப்பிப்பு: மதுரையில் தங்கி மூன்று நாள் தனியாகச் சுற்றியது

மதுரையில் ஒரே அறை எடுத்துக்கொண்டு மூன்று நாள் தனியாகச் சுற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போய்விட்டு வந்தாச்சு. ராமேஸ்வரத்தை நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன், போக மட்டுமே சுமார் 170 கிலோமீட்டர், ஒரே நாளில் அலைச்சல்தான் மிச்சமாகும். அதற்குப் பதில் ஒருநாள் கீழடி அருங்காட்சியகம், மறுநாள் காலை கீழக்குயில்குடி சமணர் மலை. மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் (சமண சமயப் பெரியவர்கள்), அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, பக்கத்தில் ஆளே இல்லை. கீழே தாமரைக்குளத்து ஓரம் ஆலமரத்தடியில் ஒரு தாத்தா மட்டும் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள், பாறை கொதிக்கும்.

ஒரு சொதப்பலும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றேன், நடை சாத்தியிருந்தது, அப்புறம் நான்கு மணிவரை ஜிகர்தண்டாவே துணை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.