சீனாவுக்குத் தேயிலை விற்க எந்த டொமைன் பெயர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கொழும்பில் இருந்து பொதி செய்த தேயிலை ஏற்றுமதி செய்கிறோம். சீனாவில் இருந்து விசாரணைகள் வருவதால் அவர்களுக்கென்றே ஒரு தளம் போட யோசனை. பெயரில்தான் சிக்கி நிற்கிறோம்.

எங்கள் கம்பெனிப் பெயர் ஆங்கிலத்தில் நீளமானது. அதைச் சீனர் ஒருவர் போனில் எழுத்துக்கூட்டி அடிப்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அங்கே தாவ்பாவ் (ஆன்லைன் சந்தை), பைடு (தேடுபொறி) மாதிரி பின்யின் பெயர்கள், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர்கள், ஓடுகின்றன. நெட்ஈஸ் என்ற இணைய நிறுவனத்தின் 163 டாட் காம், ரயில் டிக்கெட்டுக்கு 12306 டாட் சிஎன் என வெறும் எண்களும் உண்டு. ஜேடி என்ற ஆன்லைன் கடை கூட முன்பு 360பை என்று இருந்து 2013இல்தான் இரண்டெழுத்துக்குச் சுருங்கியது. 8 ராசி, 4 ஆகாது என்கிறார்கள். ஆனால் 4399 என்ற கேம் தளம் அங்கே சக்கைப்போடு போடுகிறதே! இந்த ராசியை எவ்வளவு தூரம் பார்ப்பது?

அப்புறம், சீனாவுக்கான டாட் சிஎன்னா, டாட் காமா? சிஎன் என்றால் அடையாளச் சரிபார்ப்பு உண்டு, அது பரவாயில்லை. சர்வரைச் சீனப் பெருநிலத்துக்குள் வைத்தால் ஐசிபி பதிவு, அதாவது தளத்தை அந்நாட்டு அரசிடம் பதிவது, கட்டாயம். அங்கே கிளை இல்லாத எங்களுக்கு அது லேசில் நடக்காது. அதனால் ஹாங்காங் சர்வர் என்று முடிவு செய்துவிட்டோம்.

சிஎன் முகவரியைப் பார்த்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடுகிறதா? பின்யினில் தொனிக்குறி இல்லாததால் நல்ல பெயரே கெட்ட அர்த்தத்தில் வாசிக்கப்படலாம். இதை யாரிடம் காட்டிச் சரிபார்த்தீர்கள்? சீனர்களின் அரட்டைச் செயலியான வீசாட்டில் கடை போட்டால் டொமைனே பெரிதில்லை என்கிறார் என் பங்காளர். அங்கே விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.