மறு: [கலைச்சொல்] கல்லாவில் உட்கார்ந்து பேசும் பெட்டிக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயா, நண்பர்களே,

யூபிஐயில் செலுத்திய பணம் வந்ததும் ‘இத்தனை ரூபாய் பெறப்பட்டது’ என்று கடையில் குரல் கொடுக்கும் ‘சவுண்ட் பாக்ஸ்’ பெட்டிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழை இது.

> ‘சவுண்ட் பாக்ஸ்’ என்பதை அப்படியே ‘ஒலிப்பெட்டி’ ஆக்கிவிடலாம். எளிமை. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் போய் ஒலிப்பெட்டி கேட்டால் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரை எடுத்து வைப்பார்கள். ஆங்கிலப் பெயரே அரைகுறைதான், விற்கிறவர்கள் வைத்தது. அதை நகலெடுத்தால் குறையும் கூடவே வரும்.

கருவி என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இந்த இழையில் வந்த ‘பணவாங்கி’, ‘காசேற்பி’ இரண்டும் அங்கேதான் சறுக்குகின்றன. அந்தப் பெட்டி பணத்தை வாங்குவதே இல்லை. நாம் ஸ்கேன் செய்கிற க்யூஆர் கட்டத்தில் இருப்பது கடைக்காரரின் யூபிஐ முகவரியும் பெயரும்தான். (1994-ல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய குறி, இன்று ஜிகர்தண்டா வண்டியில் ஒட்டியிருக்கிறது. அதற்குத் தனி இழையே திறக்கலாம்.) நம் வங்கியிலிருந்து கடைக்காரர் வங்கிக்குப் பணம் போய்ச் சேர்ந்த பிறகு, கட்டண நிறுவனத்தின் சர்வர் பெட்டிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. பெட்டிக்குள் ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். வந்த தொகையைக் குரலாக்கிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதனால்தான் சிக்னல் எட்டாத இடத்தில், பணம் கணக்கில் ஏறியிருந்தாலும் பெட்டி வாயைத் திறப்பதில்லை. ‘பணவாங்கி’ என்று பெயர் வைத்தால், பெட்டி பேசாத நேரமெல்லாம் பணமும் வரவில்லை என்று ஆகிவிடும். ஏற்கனவே கடைவாசலில் நடக்கிற தகராறில் பாதி இதுதான்.

2016-ல் யூபிஐ வந்தபோது கடைகளில் இந்தப் பெட்டி கிடையாது. கடைக்காரர் குறுஞ்செய்தியைத் தேட வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவர் நீட்டும் திரையை நம்ப வேண்டும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டினவர்களும் உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஈரக்கையோடு மல்லியை அள்ளி நிறுத்துப் போடுகிறவர், ஆளுக்கு ஒரு தடவை போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் என்ன ஆவது? எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பத்தாக்களும்தான் கீரை விற்கிறார்கள். கண்ணுக்கு இருந்த வேலையைக் காதுக்கு மாற்றிக் கொடுத்ததில்தான் இந்தக் கருவியின் சாமர்த்தியம் இருக்கிறது. யாராவது கட்டத்தின் மேல் தன்னுடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாலும், பெட்டி ஊமையாக இருப்பதை வைத்துக் கடைக்காரர் உஷாராகிவிடுகிறார். இதில் ஒரு இழப்பும் உண்டு. முன்பு கைக்கும் கைக்கும் நடுவில் இருந்த தொகை இப்போது வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கணக்குப் போடுவார் என்று சத்தத்தைக் குறைத்து வைக்கிறவர்களை நானே பார்க்கிறேன்.

சரி, பெயருக்கு வருகிறேன். பெட்டி தன் செந்தமிழில் “பெறப்பட்டது” என்கிறது. கடைக்காரர் நம்மிடம் சொல்வது: “பொட்டி இன்னும் சொல்லல, செத்த நில்லுங்கண்ணே.” நமக்கு வேண்டிய வினை அவர் வாயிலேயே இருக்கிறது. என் பரிந்துரை: வரவுசொல்லி.

மரங்கொத்தி, மண்வெட்டி, கதைசொல்லி என்று நாம் நெடுநாளாகப் பழகிய அமைப்புதான். நடுவில் ‘ச்’ போடாதீர்கள். வரவைச் சொல்வது, அதாவது இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்த தொகை, ‘கதைசொல்லி’யில் வல்லினம் மிகாதது போலவே இங்கும் மிகாது. ‘வரவுச்சொல்லி’ என்று எழுதிவிட்டுப் பிறகு அதற்கு ஒரு இழை ஓட்ட வேண்டாம்.

> தமுக்கம் மைதானம் இருக்கிற ஊர்க்காரர்கள் ‘காசுத்தமுக்கு’ என்று வைத்தால் என்ன?

ரசித்தேன். தமுக்கடித்துச் சேதி சொல்வதைப் பார்த்த தலைமுறைக்கு உடனே பிடிக்கும். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குத் தமுக்கம் என்றால் பொருட்காட்சியும் டெல்லி அப்பளமும்தான். தமுக்கை விளக்க ஒரு அடிக்குறிப்பு, அதன் பிறகு பெட்டியை விளக்க இன்னொன்று என்று போகும். ‘காசுகூவி’யும் அழகுதான், ஆனால் கூவுவது விற்பதற்கு. வந்ததை யாரும் கூவ மாட்டார்கள்.

> பூக்காரம்மா ‘வரவுசொல்லி’ என்று சொல்லப்போகிறாரா?

மாட்டார். அவருக்குப் ‘பொட்டி’ போதும், அதை மாற்ற நமக்கு என்ன வேலை? நாம் தேடுகிற சொல், பெட்டியோடு வருகிற பயன்பாட்டுக் குறிப்புக்கும், வங்கிப் படிவத்துக்கும், பள்ளிப் பாடத்துக்கும், “சவுண்ட் பாக்ஸ் திருட்டு” என்று தலைப்பிடும் செய்தித்தாளுக்கும்தான். ஒலிபெருக்கியைப் பாருங்கள். திருவிழாவில் அது மைக்செட்தான், அனுமதி கேட்டு எழுதும் மனுவில் ஒலிபெருக்கி. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருப்பரங்குன்றத்திலிருந்து

———

மறு: மறு: [கலைச்சொல்] கல்லாவில் உட்கார்ந்து பேசும் பெட்டிக்கு என்ன பெயர்?

வணக்கம் தம்பி,

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ‘வரவு’ பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் இருந்தது. நல்வரவு என்று கல்யாண மண்டப வாசலில் எழுதுகிறோமே, ‘வரவுசொல்லி’ என்றால் விருந்தாளி வந்ததைச் சொல்லும் காலிங்பெல் என்று நினைத்துவிடுவார்களோ என்று. ‘பணவரவுசொல்லி’ என்று போட்டுப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை.

பிறகு என் கூடப்பிறந்த தம்பியின் மளிகைக் கடையில் உட்கார்ந்து யோசித்தபோது தயக்கம் போய்விட்டது. பாஸ்புக்கில் இரண்டு பத்திகள் உண்டு, பற்றும் வரவும். இந்தப் பெட்டி வரவுப் பத்தியை மட்டும்தான் வாசிக்கிறது. பல பெட்டிகளுக்கு மாத வாடகை உண்டு, அது கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போகும். பத்து ரூபாய் வந்தால் ஊருக்கே கேட்கச் சொல்கிற பெட்டி, தன் வாடகையை எடுத்ததை ஒரு நாளும் சொன்னதில்லை என்று என் தம்பிக்குப் பெரிய ஆற்றாமை. ஆகவே ‘கணக்குசொல்லி’ என்று யாராவது திருத்தம் கொண்டுவந்தால் நான் எதிர்ப்பேன். வரவுசொல்லிதான் சரி.

விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுவதற்கு விளக்கம் இப்படி இருக்கலாம்:

வரவுசொல்லி (பெயர்ச்சொல்): மின்னணு முறையில் செலுத்திய தொகை கணக்கில் சேர்ந்ததும், அதைக் குரலில் அறிவிக்கும் கடைக்கருவி.

‘சேர்ந்ததும்’ என்பதை யாரும் ‘செலுத்தியதும்’ என்று மாற்றிவிட வேண்டாம். அனுப்பியவர் போனில் டிக் விழுந்ததை வைத்து அது பேசுவதில்லை. திருப்பரங்குன்றத்துத் தம்பி மேலே எழுதியதெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. வேறு யாரும் மறுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுகிறேன். படம் மட்டும் வேண்டும், நிறுவனப் பெயர் தெரியாத கோணத்தில் யாராவது எடுத்து அனுப்புங்கள்.