அவசரம்: பாத்ரூம் டைல்ஸ் எது எடுக்கலாம்? நாளைக்குள்ள சொல்லுங்க

சத்துவாச்சாரி_வாசி: பாத்ரூம் டைல்ஸ் மாத்தறோம், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கடையில சொல்லியாகணும். வீட்டம்மா மார்பிள் மாதிரி வெள்ளையில கோல்டு கோடு ஓடறது கேக்கறாங்க, எனக்கு அது அஞ்சு வருசத்துல கல்யாண மண்டபம் மாதிரி தெரியுமோன்னு பயம். ஸ்டைலாவும் இருக்கணும், ரொம்ப நாள் ஆனாலும் பழசா தெரியக்கூடாது. எது எடுக்கலாம்?

பாலாறு77: செவுத்துக்கா தரைக்கா? இன்னா அளவு?

குடியாத்தம்_தறி: போர் தண்ணியா பைப் தண்ணியா? அத சொல்லாம டிசைன் கேட்டா எப்படிபா. நான் கறுப்பு கிளாசி போட்டேன், போட்ட அன்னிக்கு ஸ்டார் ஓட்டல் மாதிரி இருந்தது, எங்க உப்புத்தண்ணிக்கு மூணே மாசத்துல செவுரு பூரா திருநீறு பூசின மாதிரி ஆயிடிச்சு. ஆசிட் ஊத்தி தேச்சதுல டைல்ஸ் தப்பிச்சிக்கிச்சு, ஜாயிண்ட்ல இருந்த ஒயிட் சிமெண்ட்தான் கரைஞ்சு போச்சு.

சிவில்_30வருசம்: இதே கேள்விக்கு எத்தனை தடவ எழுதறது, தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. தம்பி, கலர் அப்புறம். செராமிக்குக்கும் விட்ரிஃபைடுக்கும் வித்தியாசம் தெரியுமா? விட்ரிஃபைடு 0.5% தண்ணிகூட குடிக்காது, செவுத்து செராமிக் 10%க்கு மேல குடிக்கும். அதனால விட்ரிஃபைட செவுத்துல வெறும் சிமெண்ட்ல ஒட்டினா சரியா புடிக்காது, டைல்ஸ் ஒட்டற பசை, அதான் அட்ஹீசிவ், போடணும்.

ஆற்காடு_மக்கன்பேடா: எங்க மேஸ்திரி இருவது வருசமா சிமெண்ட்லதான் ஒட்டறாரு, ஒண்ணும் விழல சார்.

சிவில்_30வருசம்: ஒரு ரூபா காச வச்சு தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னா உள்ள காத்துதான்.

ஆற்காடு_மக்கன்பேடா: தட்டிட்டேன். நாலுல ஒண்ணு டொக்குங்குது. ஆனா விழல.

காரைக்குடி_மாப்ள: பழசாகவே கூடாதுன்னா ஆத்தங்குடிதான். எங்க மாமனார் வீட்டு முகப்புல இன்னும் பளபளன்னு இருக்கு.

குடியாத்தம்_தறி: முகப்பு வேற பாத்ரூம் வேற மாப்ள. அது சிமெண்ட் கல்லு, ஒரு தடவ ஆசிட் பட்டா முடிஞ்சது.

சத்துவாச்சாரி_வாசி: செவுரு தரை ரெண்டும். பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி. போர் தண்ணிதான், காவேரியும் கலந்து வரும். பழைய டைல்ஸ் மேலயே ஒட்டிடலாம்னு மேஸ்திரி சொல்றாரு. அம்மாவுக்கு 74, போன மாசம் உள்ள வழுக்கிட்டாங்க, அதான் மாத்தறதே.

பாலாறு77: அட இத முதல்ல சொல்லக்கூடாதா!

வாலாஜா_வண்டி: வேலூருக்கு காவேரி தண்ணி. பாலாத்தங்கரையில பொறந்துட்டு நம்ம நெலம பாருங்க.

ஆற்காடு_மக்கன்பேடா: பாலாத்துல மணல் தவிர இன்னா கீது?

வாலாஜா_வண்டி: அந்த மணலயும் அள்ளிக்கினு போயிட்டாங்களே.

சிவில்_30வருசம்: டைல்ஸ் பத்தி பேசுங்கப்பா.

பாலாறு77: வாசி, கேளுங்க. தரையில பழசு மேல ஒட்டாதீங்க, அரை இஞ்சுக்கு மேல ஏறும், கதவு தரையில உரசும், வாட்டம் கெட்டா தண்ணி ரூமுக்குள்ள வரும். ஒடச்சி எடுத்துட்டு வாட்டம் புதுசா புடிக்க சொல்லுங்க. தரைக்கு பளபளப்பு இல்லாத மேட், ஒரு அடிக்கு ஒரு அடி சைஸ் போதும். சின்னதா இருந்தா வாட்டம் நல்லா வரும், ஜாயிண்ட் நிறைய இருக்கறதால காலும் நிக்கும். கடையில வழுக்காத தன்மைக்கு R10 இல்லன்னா R11னு எழுதினது கேளுங்க, வெறும் 'ஆன்டி ஸ்கிட்'னு வாயால சொன்னா நம்பாதீங்க, தண்ணி ஊத்தி வெறுங்கால வச்சுப் பாருங்க. செவுத்துக்கு ஐவரி பிளெயின் 2க்கு 1. கீழ டார்க், மேல லைட், நடுவுல பூ போட்ட ஹைலைட்டர் செட் காட்டுவாங்க, எடுக்காதீங்க, அதுதான் முதல்ல பழசாகும். எங்க வீட்டுல 2004ல டால்ஃபின் போட்டோம், இன்னிக்கும் குளிக்கும்போது என்னயே பாத்துக்கினு கீது. ஜாயிண்ட்டுக்கு சாம்பல் கலர், முடிஞ்சா ஒயிட் சிமெண்ட்டுக்கு பதிலா எபாக்சி பிசின். வீட்டம்மா கேக்கற கோல்டு கோடு வாஷ்பேசின் கண்ணாடிக்குப் பின்னாடி மட்டும் போடுங்க, சண்டையும் இல்ல. செவுத்துக்கு 7 அடி உயரம்னா கதவு போக கிட்டத்தட்ட 165 சதுர அடி, கட்டிங்குக்கு 10% சேத்தா அஞ்சு டைல்ஸ் இருக்கற பாக்ஸ் 19, கைவசம் ஒண்ணு சேத்து 20. எல்லாம் ஒரே பேட்ச்சா, அதாவது ஒரே தடவ தயாரிச்சதா பாருங்க.

சிவில்_30வருசம்: நான் சொல்ல வந்ததும் இதேதான்.

குடியாத்தம்_தறி: கமோட் பக்கத்துல புடிக்க கம்பி ஒண்ணு வச்சிடுங்க, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே இடம் குறிச்சிடணும்.

*(நாலு நாள் கழிச்சு)*

சத்துவாச்சாரி_வாசி: எடுத்தாச்சு. தரை சாம்பல் மேட், ஒடச்சாச்சு. செவுரு ஐவரி. கோல்டு கண்ணாடிக்குப் பின்னாடி மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க. மேஸ்திரி ஐவரி 17 பாக்ஸ் போதும்னாரு, அதான் வாங்கினேன். எல்லாருக்கும் நன்றி.

பாலாறு77: 17ஆ? கட்டிங்குக்கு ஒரு பாக்ஸ்கூட மிஞ்சாதேபா. கடையில அதே பேட்ச் இன்னும் கீதா, கேட்டீங்களா?

பாலாறு77: வாசி?