காட்டில் மாட்டிக்கொண்ட ஜோடிகள்: நீங்கள் நேரில் பார்த்தது உண்டா?

சூரியநெல்லி:
காட்டில் தனியாக மாட்டிய இருவருக்குள் காதல் வருகிற படம் என்றால் எனக்கு இன்றைக்கும் 'தி ஆப்பிரிக்கன் குயின்'தான். 1951இல் ஜான் ஹஸ்டன் எடுத்தது. கதை நடப்பது 1914இல், ஜெர்மானியர் கையில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில். ஊரைப் படை எரித்துவிட, அண்ணனையும் பறிகொடுத்த மிஷனரி அம்மா ரோஸ், ஜின் பாட்டிலும் கையுமாகத் திரியும் சார்லியின் லொடலொட நீராவிப் படகில் ஏறுகிறார். கேத்தரின் ஹெப்பர்ன், ஹம்ஃப்ரி போகார்ட். ஏணி வைத்தாலும் எட்டாத பொருத்தம்.

தொடக்கத்தில் ஒரு டீ மேசைக் காட்சி. ரோஸ் பக்குவமாக டீ ஊற்றிக்கொண்டிருக்க, சார்லியின் வயிறு கடாமுடா என்று கத்தும். அவர் ஏதோ சொல்லிச் சமாளிப்பார். அண்ணனும் தங்கையும் காதிலேயே விழாத மாதிரி இருப்பார்கள். துரை பங்களா வாசலில் நின்ற நம் தாத்தாக்களின் வயிறும் அப்படித்தான் கத்தியிருக்கும்.

அந்த இருவரையும் சேர்த்து வைப்பது ஆறோ காடோ இல்லை, வேலை. படகின் அடியில் ஷாஃப்ட் வளைந்து, படகைத் தள்ளும் விசிறியின் இறக்கை முறிந்துவிடும். இருவருமே தண்ணீரில் முங்கிக் கழற்றி, கரையில் தீ மூட்டி, அடித்து நிமிர்த்துவார்கள். எனக்கு அதுதான் டூயட். பனிமலையில் விமானம் விழுந்து, கட்டிப்பிடித்துக் குளிர் காய்கிற புதுப் படங்களில் இது கிடைப்பதில்லை. சரி, நம் இடுக்கி மலையில் இப்படி யாரையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ஜீப் டிரைவர்:
சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். அங்கிருக்கும் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டம், போகிற வழி கேரளா. சூரியோதயம் பார்க்க இருட்டோடு கிளம்ப வேண்டும். ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஏறியது. பெண்ணுக்கு மதுரைப் பக்கம், மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பெரியவர்கள் பார்த்து முடித்தது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பின் சீட்டில் நடுவே ஒரு பெரிய பையை வைத்து ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

பாதி மேட்டில் ஸ்பிரிங் பட்டை முறிந்தது. போனில் சிக்னல் கிடையாது. மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவே இல்லை, ஆனை வந்துவிடும் என்று பயம். பயம் நியாயம்தான். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும் அரிக்கொம்பன் அப்போது சின்னக்கானல் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தான். 2023இல்தானே பிடித்துக் கொண்டுபோனார்கள். அந்தப் பொண்ணு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, "அண்ணே, டார்ச்சை நான் பிடிக்கிறேன், நீங்க கட்டுங்க" என்றது. கட்டையை முட்டுக்கொடுத்துக் கயிற்றைச் சுற்றி நான் நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் பொறுக்கிக்கொண்டு வருகிறார், மூச்சு வாங்க. சூரியோதயம் போய்விட்டது. கேட்கவே இல்லை இருவரும். இறங்கி வரும்போது அந்தப் பை காலடிக்குப் போயிருந்தது.

தேவிகுளம்:
அந்தப் படத்தில் மறக்க முடியாதது அட்டைதான். நாணல் சேற்றில் படகைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு சார்லி மேலே ஏறுவார், உடம்பெல்லாம் அட்டை. அருவருப்பில் நடுங்குவார். அப்புறம் வேறு வழியில்லாமல் அதே தண்ணீரில் மறுபடி இறங்குவார் பாருங்கள், அங்கேதான் போகார்ட் நிற்கிறார்.

அது தண்ணீர் அட்டை. நம்முடையது இலை நுனியில் எழுந்து நின்று ஆள் வாசனைக்கு ஆடும். கடிப்பது தெரியாது, அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் அட்டை விழுந்த பிறகும் வடிந்துகொண்டே இருக்கும். கொழுந்து கிள்ளப் போகும் அம்மா காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டுதான் லயத்தை, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டை, விட்டு இறங்குவார்.

ஜூன் மழையில் ராத்திரியில் தவளை தேட ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தார். வழிகாட்டியாக எங்கள் ஊர் வாட்சர். அந்த அம்மா இங்கிலீஷில் நோட்டு எழுதும், இவருக்குக் கையெழுத்து போடுவதே பெரும்பாடு. ஒருநாள் டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இவர் அந்த அம்மாவின் பின்கழுத்திலிருந்த அட்டையை நகத்தால் வழித்து எடுத்து, பேப்பர் துண்டைக் கிழித்து ஒட்டினார். அடுத்து ஒன்றும் பேசாமல் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். காதலா என்றால் டீக்கடைக்காரர் ஆமாம் என்பார், நான் பட்டிமன்றத்துக்கு வரவில்லை.

பீர்மேடு மருமகள்:
எங்கள் வீட்டில் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தேன். சார்லி போதை தெளியாமல் கிடக்க, ரோஸ் ஜின் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்க்கும் இடத்தில், "நான் செஞ்சது இவளுக்கு எப்படிடி தெரியும்?" என்றார். கல்யாணமான புதிதில் சம்பள நாளில் மாமா வாங்கி வந்ததை எஸ்டேட் ஓடையில் கொட்டினாராம். அவர் அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமும் கொட்டப் போனபோது, மூடி இறுகிக்கிடந்ததைப் பார்த்து மாமாவே வாங்கித் திறந்து கொடுத்தாராம். குடியை விட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

சூரியநெல்லி:
பீர்மேடு, ஒரு கொசுறு. காங்கோவில் படம் எடுத்தபோது ஹெப்பர்ன் உட்படப் பலர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். தண்ணீரைத் தொடாமல் விஸ்கியே குடித்த ஹஸ்டனும் போகார்ட்டும் மட்டும் தப்பித்தார்கள் என்று சொல்வார்கள். போகார்ட்டுக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கரும் இந்தப் படத்துக்குத்தான். மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பீர்மேடு மருமகள்:
பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருந்தார். இப்போது மாமியார் என்னை முறைக்கிறார்.