கேத்தரின்: பெயரின் வேர் பற்றி கிரேக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா மகளுக்கு கேத்தரின் என்று பெயர் வைக்கப் போகிறோம், அவளுக்கே பின்னாளில் காட்ட பெயரின் கதையை ஒரு பக்கம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே தேடினாலும் முதலில் வருவது 'தூய்மையானவள்', அதாவது கதரோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று. ஆனால் கிரேக்கத்தில் இந்தப் பெயர் எக்கதெரீனி, அதை எழுதுவது தாவ் (t) எழுத்தில். கதரோஸில் வருவதோ தீட்டா (th) என்ற வேறு எழுத்து. அதனால் தூய்மை என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது, லத்தீன் எழுத்துக்கூட்டலும் அதற்கேற்ப மாறியது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்று பொருள்படும் ஹெகாத்தெரோஸ், ஹெகாத்தே தெய்வத்தின் பெயர் என வேறு இரண்டு விளக்கங்களும் உண்டு.

கிரேக்க மொழியோ சொற்பிறப்பியலோ படித்தவர்கள் இங்கே இருந்தால், இவற்றில் எதை இன்று அதிகம் ஏற்கிறார்கள், எந்த அகராதியைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்புறம், நவம்பர் 25 அலெக்சாந்திரியா கத்தரீனம்மாள் திருநாள், கிரேக்கத்தில் அந்தப் பெயர்க்காரர்களுக்கெல்லாம் பெயர் நாள், அதாவது தங்கள் பெயருக்குரிய புனிதரின் திருநாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது. ஏதென்ஸ் பக்கம் இருப்பவர்கள் யாராவது அன்று வீடுகளில் என்ன செய்வார்கள் என்று விவரமாக எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்வேன். ஞானஸ்நானம் அடுத்த மாதம், அதற்குள் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.