டிக்கெட்டில் காளவாசல், இறக்கிவிட்டது விராலிமலை: பாதி வழியில் நின்ற ஏசி ஸ்லீப்பருக்கு என்னென்ன கேட்கலாம்?

காளவாசல் பயணி

சென்னை–மதுரை, தனியார் ஆம்னி, ஏசி ஸ்லீப்பர். ஆப்பில் எடுத்த மூணு பெர்த், தலைக்கு ரூ.1,250, மொத்தம் ரூ.3,750. விழுப்புரம் தாண்டும்போதே ஏசி நின்னுபோச்சு. டிரைவர்கிட்ட சொன்னோம், "பாத்துக்கலாம்"னாரு. விராலிமலைகிட்ட ராத்திரி மூணரைக்கு வண்டியே நின்னுருச்சு. பெல்ட் அறுந்துருச்சாம். ஸ்பேர் பஸ் வருதுன்னு ரெண்டரை மணி நேரம் ரோட்டுல. கடைசியில் ஒரு அரசு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "ஏறிக்கங்க, காசு ரீஃபண்ட் ஆயிரும்"னு ஏத்திவிட்டாங்க. அதுக்கு மூணு பேருக்கு ரூ.270. டிக்கெட்டில் டிராப்பிங் மதுரைக்குள்ள இருக்கிற காளவாசல், இறங்கினது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஆட்டோ ரூ.300. டிக்கியில் போட்ட ரெண்டு பெட்டியில் ஒண்ணு இன்னும் வரலை.

டிராவல்ஸ் ஆபீஸ்ல, "பிரேக்டவுனுக்கு நாங்க பொறுப்பில்லை, டிக்கெட் கண்டிஷன்லயே இருக்கு"ங்கிறாங்க. ஆப்காரங்க, "நாங்க இடைத்தரகர் மட்டும்தான்"னு சொல்லி ரூ.200 கூப்பன் அனுப்பியிருக்காங்க. எவ்வளவு கேட்கலாம், யார்கிட்ட கேட்கணும்?

பெர்மிட் பார்வை

நீங்கள் விலை கொடுத்து வாங்கியது ஒரு பேருந்தில் உட்காரும் உரிமையை அல்ல. சென்னையில் ஏற்றி, ஏசி படுக்கையில் கொண்டுவந்து, காளவாசலில் இறக்குவதாக அவர்கள் கொடுத்த வாக்கை. அதில் ஏசி, படுக்கை, இறங்கும் இடம் மூன்றும் விட்டுப்போயிருக்கின்றன.

"எங்கள் கையில் இல்லை" என்பது வெள்ளம், நிலச்சரிவு, சாலை மறியல் போன்றவற்றுக்குச் சொல்லலாம். பெல்ட் தேய்மானப் பொருள். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து மாற்றவேண்டியது. அது அறுந்ததை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவுக்குள் (நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம்) தள்ள முடியாது.

உங்கள் கேஸில் எல்லாவற்றையும்விடப் பலமான விஷயம் வேறு. கோளாறு விழுப்புரத்திலேயே தலைகாட்டிவிட்டது, நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அங்கிருந்து விராலிமலை ஏறக்குறைய 195 கி.மீ. நடுவில் திருச்சி வருகிறது. மெக்கானிக், ஸ்பேர் பஸ், வேறு டிராவல்ஸில் காலியிடம், எல்லாம் கிடைக்கக்கூடிய ஊர். அதைத் தாண்டி வந்து இருட்டில் நின்றார்கள். "பிரேக்டவுன் ஆனது" என்று எழுதாதீர்கள். "கோளாறு தெரிந்தபின்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் மாற்று ஏற்பாடு செய்யாமல் ஓட்டினார்கள்" என்று எழுதுங்கள். முதலாவதுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை.

ஒரு ஓரக் குறிப்பு. ஆம்னி பஸ் ஓடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டில், அதாவது மொத்த வண்டியையும் வாடகைக்குப் பேசி ஓட்டும் அனுமதியில். வழியில் ஆள் ஏற்றி இறக்கி, ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்குவது ஸ்டேஜ் கேரியேஜ் வேலை. டிக்கெட் போட்டு விற்பதே பெர்மிட்டுக்குப் பொருந்துமா என்ற பழைய சண்டை ஒருபக்கம் இருந்தாலும், அதைக் காட்டி உங்களுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவர்கள் நழுவ முடியாது.

சிம்மக்கல்

மொத்தக் காசும் கேளுங்க. 3,750, அரசு பஸ் 270, ஆட்டோ 300, பெட்டி, மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம். அப்பத்தான் பயப்படுவாங்க.

பெர்மிட் பார்வை

அப்படிக் கேட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முதல் வாய்தாவிலேயே மனுவின் மரியாதை போய்விடும். சென்னையிலிருந்து விராலிமலை வரை வந்திருக்கிறீர்கள். அதற்கான காசைத் திருப்பிக் கேட்க முடியாது. கணக்கு இப்படிப் போகட்டும். தூரங்கள் தோராயம்தான், மேப்பில் அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

மொத்தத் தூரம் 460 கி.மீ., ஓட்டாமல் விட்டது 105 கி.மீ. அதற்கான கட்டணம் 3,750 × 105 ÷ 460 = ரூ.856. ஏசி இல்லாமல் ஓடிய 195 கி.மீ.க்கு, அதே இரவில் அதே தடத்தில் ஏசி இல்லாத ஸ்லீப்பர் என்ன விலை என்று பாருங்கள். ரூ.900 என்று வைத்தால் வித்தியாசம் 350, மூவருக்கு 1,050; 1,050 × 195 ÷ 460 = ரூ.445. அந்த 900-க்கு ஆதாரம் வேண்டும், ஆப்பில் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

அரசு பஸ் டிக்கெட் 270-ஐ இதோடு சேர்க்காதீர்கள். மீதித் தூரத்துக்கான 856-ஐத் திரும்ப வாங்கிக்கொண்டால், அந்தத் தூரத்தை உங்கள் செலவில் வந்ததாகத்தான் ஆகும். இரண்டையும் கேட்டால் ஒரே தூரத்துக்கு இருமுறை கேட்டதாகிவிடும். பெரிய தொகை 856, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 270 ரூபாய் டிக்கெட்டைத் தூக்கிப்போட வேண்டாம். வழியில் இறக்கிவிடப்பட்டதற்கு நேரத்தோடு கூடிய அத்தாட்சி அதுதான். ஆட்டோ 300 தனி இழப்பு, ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவில் (ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு) நேராக வரும்.

ஆக பெட்டி நீங்கலாக 856 + 445 + 300 = ரூ.1,601. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாகக் கேளுங்கள், ஆனால் தொகையைப் பார்த்தால் நம்பும்படி இருக்கணும்.

காளவாசல் பயணி

புரிஞ்சது சார். பெட்டிக்கு? டிக்கெட்டில் "லக்கேஜ் பயணியின் சொந்தப் பொறுப்பு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

கீழவெளி வீதி

பெர்த்தில் தலைமாட்டில் வைத்த பை என்றால் அந்த வரிக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. டிக்கியில் போட்டது வேறு கதை. கிளீனர் கையில் கொடுத்தீர்கள், அவர் பூட்டினார், சாவி அவரிடம். அது ஒப்படைப்பு; ஒப்பந்தச் சட்டத்தின் 148-வது பிரிவு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதைப்போல, ஒப்படைக்கப்பட்டவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது 151. பொருள் காணாமல் போனால், தான் கவனமாக இருந்ததை அவர்தான் காட்டவேண்டும்.

அச்சடித்த வரியைப் பற்றி: லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், ஏ.ஐ.ஆர். 1966 மெட்ராஸ் 13. சலவைக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோனது. தொலைந்தால் பாதி விலைதான் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். அலட்சியத்துக்குப் பரிசு கொடுக்கும் அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று தீர்ப்பு. பெட்டிக்கும் சேலைக்கும் தூரம் அதிகமில்லை.

உங்கள் கையில் இருக்கவேண்டியவை: டிக்கியில் ஒட்டிய டேக், அல்லது ஏற்றும்போது எடுத்த போட்டோ, அல்லது கூட வந்த இன்னொரு பயணியின் வாக்குமூலம். உள்ளே இருந்தவற்றின் பட்டியல், பில் இருப்பவை தனி, இல்லாதவை தனி. காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்கிவிடுங்கள். நகையும் ரொக்கமும் இருந்ததாகச் சொன்னால் நிரூபிப்பது கடினம். ஒப்படைக்கும்போது சொல்லாத விலையுயர்ந்த பொருளுக்கு எதிர்த்தரப்பு கடுமையாகச் சண்டை போடும்.

சிம்மக்கல்

ஆப்காரங்களையும் இழுக்கலாமா?

கீழவெளி வீதி

கட்டாயம், இரண்டாம் எதிர்மனுதாரராக. 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்கவேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. கன்வீனியன்ஸ் ஃபீஸ் வாங்கியிருந்தால் அந்த ரசீது வரியை மனுவில் காட்டுங்கள், அது அவர்கள் தனியாக விற்ற சேவை. பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் வேறு, டிராவல்ஸ் பெயர் வேறு என்பது இந்தத் தொழிலில் சகஜம். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். எஃப்.சி. தேதி முடிந்திருந்தால் "பராமரிப்பு சரியாக இருந்தது" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

உசிலம்பட்டி ரோடு

இடையில் ஒரு கேள்வி. எங்க வீட்டம்மாவுக்கு வேற ஒரு பஸ்ஸுல சடன் பிரேக் போட்டதில் மேல் பெர்த்திலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சு. டிரைவர், "மதுரை போய்ப் பாத்துக்கலாம்"னு நிறுத்தாம வந்துட்டாரு. இதையும் நுகர்வோர் ஆணையத்துல போடலாமா?

கீழவெளி வீதி

காயம் என்று வந்துவிட்டால் உங்கள் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-இன்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள். இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் போட்டுவிடுங்கள்.

எலும்பு முறிவு கொடுங்காயம். 164-வது பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே ரூ.2.5 லட்சம் கேட்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-இல் போட்ட மனு அற்றுப்போகும். சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் அதைவிட அதிகம் என்றால் 166-இலேயே நில்லுங்கள்.

டிரைவர் செய்தது 134-வது பிரிவுக்கு நேர் எதிர். காயம்பட்டவரைப் பக்கத்து மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ சேர்ப்பது, காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்வது, மூன்றும் அவர் கடமை. உங்களுக்கு வேண்டியது மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி. அரசு ராஜாஜி மருத்துவமனையில் காட்டினாலும் தனியாரில் காட்டினாலும், "பஸ்ஸில் விழுந்தது" என்று அதில் எழுதச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தது" என்று பதிவானால் பிறகு அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டவேண்டி வரும்.

வைகைக்கரை

மூலக் கேள்விக்குத் திரும்பினால், மனு போடும் வழி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனாலும் பல டிராவல்ஸ் இந்தக் கட்டத்திலேயே காசைத் திருப்பிவிடும். கூடவே டிராவல்ஸ், ஆப் இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ், ஸ்பீடு போஸ்டில், டெலிவரி சான்றோடு. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள்.

பதில் இல்லையென்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. டிராவல்ஸ் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் கவலையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போட விடுகிறது. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கணக்கில் எடுப்பது நீங்கள் கொடுத்த ரூ.3,750-ஐ, கேட்கும் தொகையை அல்ல. காலக்கெடு இரண்டு வருடம். எதிர்த்தரப்புக்குப் பதில் போட 30 நாள், கூடுதலாக 15. அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. டிக்கெட் கண்டிஷனைப் பார்த்த ஆத்திரத்தில் "இது நியாயமற்ற ஒப்பந்தம், ரத்து செய்க" என்று கோரிக்கை வைப்பார்கள். அது மாநில ஆணையத்தின் வரம்பு, மாவட்டத்தில் நிற்காது. "சேவைக் குறைபாடு" என்றே தலைப்பிடுங்கள். கண்டிஷன் ஏன் உங்களைக் கட்டுப்படுத்தாது என்பதை உள்ளே ஒரு பத்தியில் வாதமாக வையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுகளோடு சாட்சியச் சட்டம் (2023) 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றும் இணைத்துவிடுங்கள். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு ஜி.பி.எஸ். பதிவைக் கேட்டு நோட்டீஸிலேயே எழுதுங்கள். பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 125-எச் படி அந்தக் கருவி இருக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்பதே உங்கள் பக்கம் ஒரு வாதம்.

மேலூர் டோல்

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: நான்குவழிச் சாலையில் வண்டி நின்றால் காசுக் கணக்கு அப்புறம். பின்னால் வரும் லாரி டிரைவருக்கு நிற்கிற பஸ் ஓடுவதுபோலத்தான் தெரியும். பஸ்ஸுக்குப் பின்னாலும் டிக்கிப் பக்கத்திலும் கூட்டமாக நிற்காமல், இடது ஓரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். சிவப்பு முக்கோணத்தை எடுத்துத் தள்ளி வைக்கச் சொல்லி டிரைவரை விரட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தால் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வரும். அதற்குப் பிறகு வண்டி எண்ணும் கிலோமீட்டர் கல்லும் சேர்ந்து தெரிவதுபோல ஒரு போட்டோ, டிராவல்ஸ் நம்பருக்கு "இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நிற்கிறோம், ஏசி இத்தனை மணியிலிருந்து இல்லை" என்று ஒரு மெசேஜ். இறங்கும்முன் டிக்கியைத் திறக்கச் சொல்லி, எல்லாப் பெட்டியையும் கையில் வாங்கிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறுங்கள்.

காளவாசல் பயணி

எல்லாருக்கும் நன்றி. அந்த 200 ரூபாய் கூப்பனை என்ன பண்றது? வாலெட்டுல தானாவே ஏறி உக்காந்திருக்கு.

கீழவெளி வீதி

செலவழிக்காதீர்கள். கூடவே வந்த மெயிலில் "முழுத் தீர்வாக" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "இதை நான் தீர்வாக ஏற்கவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இன்றைக்கே ஒரு வரி பதில் போட்டு, அந்த மெயிலையும் நோட்டீஸோடு இணைத்துவிடுங்கள்.